புதிய கைத்துப்பாக்கியைப் பழக்குதல்



புதிதாக வாங்கிய ஒரு பொருள் முதல் நாளே முழுத் திறமையோடு இயங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். விலை ஏற ஏற இந்த எதிர்பார்ப்பும் ஏறுகிறது. ஆனால், சில பொருள்களின் இயல்பு இதற்கு மாறானது. விலை மிகுந்த, மிக நுட்பமாகச் செய்யப்பட்ட பொருளே முதல் சில நாள்களில் முரண்டு பிடிக்கும்; மலிவான பொருள் முதல் நாளே தடையின்றி ஓடும். இந்த விந்தைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது, அமெரிக்க நாட்டுப் பட்டறைகளில் கையால் பொருத்திச் செய்யப்படும் உயர்தரக் கைத்துப்பாக்கி. அதை முதன்முதலாகத் துடைத்துச் சுத்தம் செய்வதும், சுட்டுச் சுட்டுப் பழக்குவதும் எப்படி, ஏன் என்பதை இன்று காண்போம்.

நம் நேயர்களில் பெரும்பாலோர் கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்தே பார்த்திருக்கமாட்டார்கள். அது நல்லதுதான். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டமும் இத்துறையில் மிகக் கண்டிப்பானவை. உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருப்பதே பெருங்குற்றம். ஆயினும், காவல்துறையிலும் படையிலும் பாதுகாவலர் வேலையிலும் நம்மவர் பலர் இருக்கின்றனர். உரிமம் பெற்ற சுடும் கழகங்களில் விளையாட்டாகப் பயில்வோரும் உள்ளனர். இவர்களுக்கு இப்பேச்சு நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இரும்பும் இரும்பும் உராயும் எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும் பாடம் அது.

முதலில் இந்தத் துப்பாக்கியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இதை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரில் 1855ஆம் ஆண்டில், துப்பாக்கி செய்யும் கொல்லர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். அமெரிக்கப் படைக்குப் புதிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்க 1911ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடைசிச் சோதனை நடந்தது. ஒரே துப்பாக்கியிலிருந்து 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடு தாங்காமல் போனபோது அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் சுட்டார்கள். பிரௌனிங்கின் துப்பாக்கி ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. அந்த மாத இறுதியிலேயே படை அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டின் பெயரே அதற்குப் பெயராயிற்று: எம் 1911. 1985ஆம் ஆண்டில் வேறொரு துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்படும் வரை, 74 ஆண்டுகள் அதுவே அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கியாக இருந்தது.

இது எவ்வாறு இயங்குகிறது? கைப்பிடியும் விசையும் அமைந்த அடிப்பாகத்தைச் சட்டம் என்று சொல்வோம். சட்டத்தின் மேல் விளிம்பில், இரு பக்கமும், தண்டவாளம் போன்ற வரம்புகள் உண்டு. அந்த வரம்புகளின்மீது நீண்டதோர் எஃகு உறை முன்னும் பின்னும் ஓடும். இதற்கு ஸ்லைடு என்று பெயர். ஸ்லைடுக்குள்ளே குழல் இருக்கிறது. குழலின் மேற்புறத்திலுள்ள பற்கள், ஸ்லைடின் உட்புறத்திலுள்ள பள்ளங்களில் ஏறிப் பூட்டிக்கொண்டு நிற்கும். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசின் என்னும் தகட்டுப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

விசையை அழுத்தியதும் வெடிமருந்து எரிகிறது. குழலுக்குள் எழும் அழுத்தம், ஒரு கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு வரை செல்லலாம். குண்டு முன்னே பாய, ஸ்லைடும் குழலும் சேர்ந்து பின்னே நகர்கின்றன. சிறிது தூரம் சென்றதும், குழலின் அடியிலுள்ள சிறு இணைப்பு ஒன்று அதன் பின்முனையைக் கீழே இழுக்கிறது. பற்கள் பிரிகின்றன. குழல் நின்றுவிட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னோக்கிச் சென்று காலியான பித்தளைக் குப்பியை வெளியே எறிகிறது. பிறகு சுருள்வில் அதனை முன்னே தள்ளுகிறது. போகிற போக்கில் அது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுகிறது. குழல் மேலெழுந்து மறுபடியும் பூட்டிக்கொள்கிறது. இத்தனையும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகின்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குறி பார்க்கும் முனைகள் ஸ்லைடின்மேல் இருக்கின்றன. குண்டு செல்வதோ குழலின் வழியாக. ஒவ்வொரு முறையும் குழல் ஸ்லைடுக்குள் அதே இடத்தில் வந்து நின்றால்தான், நாம் பார்த்த குறியும் குண்டு போகும் வழியும் ஒன்றாகும். இல்லையேல் குண்டு விலகும். எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். அமெரிக்கப் போட்டிகளில் இலக்கு 50 கஜத்துக்கு அப்பால், அதாவது 45.7 மீட்டர் தொலைவில், நிற்கிறது. இது குறிகளின் இடைவெளியைப் போல 277 மடங்கு. ஆகவே, இங்கே 0.1 மில்லிமீட்டர் பிசகினால் அங்கே ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் பிசகும். அந்த இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 3.36 அங்குலம், அதாவது 85 மில்லிமீட்டர்தான். இப்போது 0.1 மில்லிமீட்டரின் மதிப்பு நமக்குப் புரிகிறதல்லவா?

படைக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகள் இவ்வளவு நுட்பத்தை நாடவில்லை. போர்க்களத்தில் சேறும் மணலும் உள்ளே புகும். அப்போதும் அது சுட வேண்டும். ஒரு தொழிற்சாலையில் செய்த உறுப்பு, மற்றொரு தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியில் பொருந்தவும் வேண்டும். எனவே, உறுப்புகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டுச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இதைச் செய்தவர்களில் தட்டச்சுப் பொறிகளுக்குப் பெயர்போன ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் உண்டு. நம் வீடுகளில் தையல் இயந்திரத்தின்மீது நாம் படித்துப் பழகிய சிங்கர் என்னும் பெயரைத் தாங்கியும் 500 துப்பாக்கிகள் வெளிவந்தன. படைத் துப்பாக்கியைக் காதருகே வைத்து ஆட்டினால் லொடலொடவென்று ஓசை கேட்கும். கேலிக்குரிய ஓசைதான், ஆனால், அந்தத் தளர்ச்சிதான் சேற்றிலும் அதனைச் சுட வைத்தது.

போட்டியாளர்களுக்கு இது போதவில்லை. ஓஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெரி என்ற இடத்தில் 1907ஆம் ஆண்டு முதல் அமெரிக்க தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. அங்கே வெல்ல விரும்பியவர்கள், படைத் துப்பாக்கியின் தளர்ச்சியைப் போக்கும் கொல்லர்களைத் தேடிச் சென்றார்கள். நாளடைவில் இது தனித்தொழிலாக வளர்ந்தது. அத்தொழிலில் பெயர் பெற்றவர்களுள் ஒருவரான பில் வில்சன் அடிப்படையில் ஒரு கடிகாரத் தொழிலாளி. ஆர்கன்சா மாநிலத்தின் பெரிவில் என்ற சிற்றூரில் 1977ஆம் ஆண்டில் துப்பாக்கிப் பட்டறை தொடங்கியவர். கடிகாரம் பழுது பார்த்த கையே துப்பாக்கிக்கும் வந்தது என்பது பொருத்தமானதே. இத்தகைய பட்டறைகளில் ஸ்லைடும் சட்டமும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற இடைவெளியோடு பொருத்தப்படுகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 0.025 மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் பருமனே அதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். விலையும் அதற்கேற்ப 3,000 அமெரிக்க டாலரைத் தாண்டும்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். இறுக்கமும் வேண்டும், தடையின்றி ஓடவும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே நாளில் பெற முடியாது. இறுக்கத்தைக் கொல்லர் கொடுத்துவிடுகிறார். ஓட்டத்தை உடையவர்தாம் பொறுமையோடு பெற வேண்டும். இதற்குத்தான் பழக்குதல் என்று பெயர்.

பழக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? எவ்வளவு மெருகேற்றிய எஃகாக இருந்தாலும், நுண்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாகவே தெரியும். இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது உண்மையில் மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. முழுப் பாரமும் அந்தச் சிறு உச்சிகளின்மேல் விழுகிறது. ஸ்லைடு பலமுறை ஓட ஓட, உச்சிகள் சில நசுங்குகின்றன. சில முறிந்து தூளாகின்றன. மேடுகள் சமவெளியாகின்றன. அப்போது பாரம் அகன்ற பரப்பில் பரவுகிறது. தேய்மானம் தானாகக் குறைந்துவிடுகிறது. புது மோட்டார் சைக்கிள் வாங்கியவர் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வேகத்தை அடக்கி ஓட்டுவதும், பிறகு எண்ணெயை மாற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த முதல் எண்ணெயை வடித்துப் பார்த்தால், அதில் வெள்ளிப் பொடி போல் இரும்புத் தூள் மின்னும்.

இந்தத் தூள்தான் கவனிக்க வேண்டியது. எண்ணெயில் கலந்த இரும்புத் தூள் அரத்தூளாகிவிடுகிறது. அதை அகற்றாமல் தொடர்ந்து சுட்டால் மேடுகளை மட்டுமல்ல, நல்ல பரப்பையும் அது அராவும். கொல்லர் பல மணி நேரம் உழைத்துக் கொடுத்த இறுக்கம் வீணாகிவிடும். ஆகவே, பழக்குவதும் துடைப்பதும் இரண்டு வேலைகள் அல்ல. ஒரே வேலையின் இரு பகுதிகள்.

துருப்பிடிக்காத எஃகில் செய்த துப்பாக்கியானால் இன்னும் கவனம் தேவை. அந்த எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. துருவைத் தடுப்பது அதுதான். உராய்வில் அந்தப் படலம் கிழிந்தால், அடியிலுள்ள வெறும் உலோகம் எதிரேயுள்ள வெறும் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். நெருப்பில்லாமலே பற்றவைத்தது போல் ஒட்டி, பிய்ந்து, ஆழமான வடு விழும். ஒரே வகை எஃகு ஒரே கடினத்தோடு ஒன்றையொன்று தேய்த்தால் இது எளிதில் நேரும். இதைத் தடுப்பது எண்ணெய். பழக்கும் காலத்தில் எண்ணெயில் சிக்கனம் காட்டலாகாது.

இனி, செய்முறைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்று. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்ற செய்தியை எத்தனை முறை நாளேட்டில் படிக்கிறோம்! துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை. காலி என்று நினைத்துக்கொண்ட துப்பாக்கிதான் உயிரைப் பறிக்கிறது. இதில் வரிசை மிக முக்கியம். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகே ஸ்லைடைப் பின்னே இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுத்ததும் குழலிலிருந்த தோட்டா வெளியே விழும். அதைக் கண்டு நாம் நிம்மதி அடைவோம். ஆனால், ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து மற்றொரு தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடும். அதன்பிறகு மேகசினைக் கழற்றினாலும் துப்பாக்கி நிரம்பியே இருக்கும். இந்த ஒரு பிசகில் மாண்டவர் பலர்.

ஆகவே, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துத் திறந்தபடி நிறுத்தி, குழலின் பின்வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிறுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தபின் இன்னொருமுறையும் பார்க்க வேண்டும். துடைக்கும் மேசையில் மட்டுமன்று, அந்த அறையிலேயே தோட்டா இருக்கக்கூடாது. அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்கணம் வகுத்தவர் என்று போற்றப்படும் ஜெஃப் கூப்பர் நான்கு விதிகளைக் கற்பித்தார். எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே கருத வேண்டும்; அழிக்க விரும்பாத எதன்மேலும் அதன் முனையைத் திருப்பக்கூடாது; குறி இலக்கில் பொருந்தும்வரை விரலை விசையில் வைக்கக்கூடாது; இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அவர் 2006ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய விதிகளை உலகெங்கும் இன்றும் பயிற்றுவிக்கிறார்கள்.

புதுத் துப்பாக்கி பெட்டியிலிருந்து வெளிவரும்போது எண்ணெய்ப் பூச்சோடு வரும். அது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. ஓடுவதற்கு ஏற்ற எண்ணெய் என்று கொள்ள முடியாது. பட்டறைத் தூளும் அதில் ஒட்டியிருக்கக் கூடும். ஆகவே, ஒரு தோட்டாகூடச் சுடுவதற்கு முன் அதைப் பிரித்துத் துடைக்க வேண்டும். எம் 1911ஐப் பிரிக்க விசையை அழுத்தத் தேவையில்லை. விசையை அழுத்தினால்தான் பிரியும் வேறு துப்பாக்கிகளும் உண்டு. அவற்றில் முன்பு சொன்ன சோதனை இன்னும் இன்றியமையாதது.

பிரிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். குழலின் முன்முனையைப் பிடித்திருக்கும் எஃகு வளையம் உயர்தரத் துப்பாக்கியில் மிக இறுக்கமாக இருக்கும். விரலால் திருப்ப முயலாமல் அதற்கென உள்ள திருகியைப் பயன்படுத்த வேண்டும். வளையம் திரும்பியதும், அதன் கீழே சுருள்வில்லை அடக்கியிருக்கும் மூடி, பிடி தளர்ந்தால் தெறித்துப் பறக்கும். அது கண்ணில் பட்டால் கண் போய்விடும். எனவே, கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதோடு கண்ணாடியும் அணிந்துகொள்ள வேண்டும். மீண்டும் பூட்டும்போது ஸ்லைடு நிறுத்தி என்ற உறுப்பை அவசரமாகத் திருகிச் செருகினால், சட்டத்தின் இடப்பக்கத்தில் வளைந்த கீறல் ஒன்று விழும். அமெரிக்கர்கள் இதற்கு முட்டாளின் கீறல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியின் வேலையை அது கெடுக்காது. அவசரக்காரர் யார் என்பதை மட்டும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிரித்த உறுப்புகளைப் பழந்துணியால் துடைத்து, குழலின் உட்புறத்தைப் பின்வாயிலிருந்து முன்னோக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். கரைப்பானில் நனைத்த துணித்துண்டு முதலில், வெண்கலத் தூரிகை அடுத்து, காய்ந்த துணித்துண்டு கடைசியில். குண்டு விடைபெறும் இடம் குழலின் முன்வாய். அதன் விளிம்பில் சிறு காயம் பட்டாலும் குறி கெடும். கம்பியை அங்கே இடிக்கவிடலாகாது. அம்மோனியா கலந்த கரைப்பான் செம்பைக் கரைக்கவல்லது. துணியில் நீலமோ பச்சையோ தெரிந்தால் குண்டின் செம்புப் பூச்சு கரைந்து வருகிறது என்று பொருள். வேலை முடிந்ததும் அந்தக் கரைப்பானை முற்றிலும் துடைத்துவிட வேண்டும்.

இனி எண்ணெய். ஸ்லைடு ஓடும் வரம்புகள், குழலின் முன்முனை வெளிப்புறம், குழலின் பூட்டுப் பற்கள், அடியிலுள்ள இணைப்பு ஆகிய நான்கு இடங்களிலும் கண்ணுக்குத் தெரியும்படி எண்ணெய் இருக்க வேண்டும். குழலுக்கு உள்ளேயும் தோட்டா அமரும் அறையிலும் எண்ணெய் தேங்கக்கூடாது. பூட்டிய பின் ஸ்லைடைக் கையால் சில முறை மெல்ல இழுத்து விட்டுப் பார்க்கலாம். ஆனால், தோட்டா இல்லாதபோது ஸ்லைடைப் பின்னிழுத்துப் படாரென்று முன்னே ஓடவிடுவது கூடாது. தோட்டாவை ஏற்றும் வேலை இருந்தால் அது ஸ்லைடின் வேகத்தைக் குறைக்கும். அது இல்லாதபோது முழு அடியும் நுட்பமாகச் சீர்செய்த விசைப் பகுதியின்மேல் விழுகிறது. கையில் பிடித்தபடியே மெல்ல முன்னே விட வேண்டும்.

பிறகு, சுடும் களம். முழு வேகமுள்ள வழக்கமான தோட்டாவைக் கொண்டே பழக்க வேண்டும். எம் 1911க்கு அது 230 கிரெய்ன், ஏறத்தாழ 15 கிராம், எடையுள்ள செம்புறைக் குண்டு கொண்டது. போட்டியாளர்கள் விரும்பும் மென்மையான தோட்டாக்களுக்கு இறுக்கமான புது ஸ்லைடை முழுதும் பின்தள்ளும் வலிமை இருப்பதில்லை. அவற்றைப் பின்னர் பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் 50 தோட்டா முடிந்ததும் நிறுத்திப் பிரித்துப் பார்ப்பது நல்லது. எண்ணெய் கருத்திருக்கும், விரலில் தேய்த்தால் நெறுநெறுவென்று இருக்கும். அதைத் துடைத்துப் புது எண்ணெய் இட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். அதன்பின் 100 தோட்டாவுக்கு ஒருமுறை இவ்வாறு செய்யலாம். மொத்தம் எத்தனை? பட்டறைக்குப் பட்டறை இது மாறும். 500 தோட்டா வரை பொறுத்திருந்து பிறகு குறை சொல்லுங்கள் என்பது இத்துறையில் பரவலாக வழங்கும் அறிவுரை. செய்தவர் தந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இந்தக் காலத்தில் ஸ்லைடு முழுவதும் மூடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னே நின்றுவிடுவது உண்டு. பதற்றம் வேண்டா. முனையை இலக்கின் பக்கமே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியேற்றிக் காரணத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் வற்றியிருக்கலாம், அழுக்குச் சேர்ந்திருக்கலாம், மேகசினில் குறை இருக்கலாம். மேகசின்களுக்கு 1, 2, 3 என்று எண் எழுதி வைத்துக்கொண்டால், தடை எப்போதும் இரண்டாம் எண்ணில்தான் வருகிறதா என்பது தெரிந்துவிடும். குற்றம் மேகசினில் இருக்கத் துப்பாக்கியைக் கொல்லரிடம் அனுப்புவானேன்? சுட்ட எண்ணிக்கை, தோட்டாவின் வகை, தடை வந்த நேரம் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பது பெரும் உதவி. 300க்குப் பின் தடை குறைந்துகொண்டே வந்தால் துப்பாக்கி பழகுகிறது. குறையாமல் நின்றால் அதில் கோளாறு உண்டு.

அதே சமயம் ஒரு வகைத் தடையை மட்டும் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்கலாகாது. சுட்டபோது ஓசை வழக்கத்துக்கு மாறாக மெலிதாக இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, பிரித்து, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மற்றது.

ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் துடைப்பதோடு நில்லாமல் உலோகத்தைப் படிக்க வேண்டும். இரு பக்க வரம்புகளிலும் மெல்லிய பளபளப்பு ஒரே சீராகப் பரவியிருந்தால் நல்ல அறிகுறி. ஓரிடத்தில் மட்டும் ஆழமான கோடு, நகத்தில் தட்டுப்படும் பிசிர், உலோகம் ஒட்டிப் பிய்ந்த தடம் ஆகியவை தீய அறிகுறிகள். அப்போது சுடுவதை நிறுத்திக் கைதேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். இறுக்கமாக இருக்கிறதே என்று வீட்டிலேயே அரப்பொடியைப் பூசித் தேய்ப்பவர்களும் உண்டு. அது எங்கே தேய்க்க வேண்டுமோ அங்கே மட்டும் தேய்க்காது. போன உலோகம் திரும்பி வராது.

வேலை முடிந்தபின் நம் உடலையும் கவனிக்க வேண்டும். வழக்கமான தோட்டாக்களின் குண்டில் ஈயம் உண்டு. அதைப் பற்றவைக்கும் மருந்திலும் ஈயக் கலவை உண்டு. சுடும்போதும் துடைக்கும்போதும் அந்தத் தூள் கையிலும் உடையிலும் படிகிறது. ஈயம் நஞ்சு, வளரும் குழந்தைகளின் மூளையை அது பெரிதும் தாக்கும். ஆகவே, சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைக்கக்கூடாது. காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து செய்ய வேண்டும். பிறகு சோப்பிட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்கலாகாது. அந்த உடையோடு குழந்தையைத் தூக்குவதும் தவறு. எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைத்தால் தீப்பற்றக்கூடும். களத்தில் காதுக்கவசம் அணியாதவர் இழந்த செவிப்புலனை எந்த மருத்துவரும் திருப்பித் தர இயலாது.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருளை நாமே 500 தோட்டா செலவழித்துப் பழக்க வேண்டுமா என்று கேட்பவர்களும் உள்ளனர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. இன்று காவல்துறையினர் ஏந்தும் துப்பாக்கிகள் பலவும் பெட்டியிலிருந்து எடுத்த உடனே தடையின்றிச் சுடுகின்றன. ஆனால், அவை தளர்ச்சியை ஏற்றுக்கொண்டு செய்யப்பட்டவை. உயிர்காக்கும் பணிக்கு அதுவே ஏற்றது. 50 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் போட்டித் துப்பாக்கியின் நோக்கம் வேறு. எது உயர்ந்தது என்பதைவிட எது எதற்கு என்பதே சரியான கேள்வி. ஆனால், ஒன்றில் இரு சாராரும் ஒத்துப்போகின்றனர். பழகிமுடியாத, சோதித்துப் பார்க்காத துப்பாக்கியை நம்பி ஒருவர் காவல் பணிக்குப் போகக்கூடாது. அதன் தடை களத்தில் வெளிப்பட்டால் ஒரு புள்ளி போகும். பணியில் வெளிப்பட்டால் ஓர் உயிர் போகும்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. நுட்பமான கருவி எதுவும் கடையில் வாங்கிய அன்றே முழுமை பெறுவதில்லை. செய்தவருடைய கை தொடங்கிய வேலையைப் பயன்படுத்துகிறவருடைய கைதான் முடித்துவைக்கிறது. கருவியைத் துடைக்கும்போது நாம் அழுக்கை மட்டும் அகற்றவில்லை. அதன் தேய்மானத்தைப் பார்க்கிறோம், அதன் போக்கை அறிகிறோம். துப்பாக்கி ஆகட்டும், மோட்டார் சைக்கிள் ஆகட்டும், வீட்டிலுள்ள தையல் இயந்திரம் ஆகட்டும், எண்ணெய் இடும் வேளையில் அதைச் சற்று உற்றுப் பார்ப்பவருக்கு அது தன் குறையை முன்கூட்டியே சொல்லிவிடும்.